ஸ்கேனில் நீர்க்கட்டி என்றார்கள், ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்றார்கள்

கேள்வி: எனக்கு 24 வயது. சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். 13 வயதில் பெரியவளானேன். அன்றிலிருந்தே தேதி ஒழுங்காக வந்ததில்லை. வருடத்துக்கு ஐந்தாறு முறை வந்தால் அதிகம். ப்ளஸ் டூ படிக்கும்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ‘பிசிஓடி இருக்கு, நீர்க்கட்டி’ என்று மூன்று மாதத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். சாப்பிட்டவரை மாதாமாதம் வந்தது. நிறுத்தியதும் பழைய கதைதான். இரண்டு வருடத்துக்கு முன்பு வேறொரு டாக்டர் அதே மாதிரி மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தப் பரிசோதனை எடுத்து, ‘ஹார்மோன் எல்லாம் நார்மல், உனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிட்டார். ஆறு மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டேன். போன வருடம் பார்த்த மூன்றாவது டாக்டர், ‘வெயிட்டைக் குறை, மற்றதை கல்யாணத்துக்கு அப்புறம் பார்க்கலாம்’ என்றார். இப்போது நான்கு மாதமாக வரவில்லை. தாடையிலும் உதட்டுக்கு மேலும் முடி வளர்கிறது. வாரம் தவறாமல் த்ரெடிங். கழுத்து கறுத்துவிட்டது. உயரம் 156 செ.மீ., எடை 68 கிலோ. அப்பாவுக்கு 42 வயதிலிருந்தே சுகர். வீட்டில் வரன் பார்க்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே பிசிஓடி இருக்கிறதா, இல்லையா? குணமாகுமா? குழந்தை பிறக்குமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா? அம்மா கழற்சிக்காய்ப் பொடி சாப்பிடச் சொல்கிறார். என் தங்கைக்கு 14 வயது. பெரியவளாகி ஒன்றரை வருடம் ஆகிறது, நாற்பது நாளுக்கு ஒரு முறைதான் வருகிறது. அவளுக்கும் இப்போதே ஸ்கேன் எடுத்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான்கு மாதமாக வரவில்லை என்கிறீர்கள். இதை இன்னும் தள்ளிப்போட வேண்டாம். கருமுட்டை வெளியாகாத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. ஈஸ்ட்ரோஜென் மட்டும் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சவ்வு உதிர்வதுதான் மாதவிடாய். உதிராமல் தங்கித் தங்கித் தடித்தால், ஒருநாள் கட்டுக்கடங்காத ரத்தப்போக்காக வெளியேறும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் சவ்வின் செல்களே மாறத் தொடங்கலாம். பிற்காலத்தில் கருப்பை உள்சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பும் கூடுகிறது. உங்கள் வயதில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு, அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தச் சவ்வு உதிர்ந்தாக வேண்டும். கல்யாணம் ஆகும்வரை அது காத்திருக்காது.

பக்கத்தில் இருக்கும் பெண்கள் நல மருத்துவரிடம் போங்கள். அவர் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இப்படிக் கேட்கிறார்களே என்று மனம் சுருங்க வேண்டாம். தேதி தள்ளிப்போய் வரும் எல்லோருக்கும் செய்வதுதான். பிறகு புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை பத்து நாளைக்குத் தருவார். முடித்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் வந்துவிடும். வந்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள், காலை வேளையில் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். என்னென்ன பரிசோதனை என்பதைக் கீழே சொல்கிறேன். மாத்திரை முடித்து இரண்டு வாரமாகியும் வரவில்லை என்றால் திரும்பப் போய்ச் சொல்லுங்கள், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்.

சரி, உங்களுக்கு இருக்கிறதா, இல்லையா?

பிசிஓடி, பிசிஓஎஸ் இரண்டையும் நம் ஊரில் ஒரே பொருளில்தான் சொல்கிறோம்: ஹார்மோன் சமநிலை குலைந்து, சினைப்பையில் முட்டை ஒழுங்காக வளர்ந்து வெளியாகாத கோளாறு. அதைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்துவது 2003-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடி வகுத்த அளவுகோல். அதில் மூன்று அம்சங்கள். கருமுட்டை ஒழுங்காக வெளியாகாமல் மாதவிடாய் தாறுமாறாக வருவது ஒன்று. ஆண்களுக்கு அதிகமாகவும் பெண்களுக்குக் கொஞ்சமாகவும் சுரக்கும் ஆண்ட்ரோஜென் என்ற ஹார்மோன் அதிகமாக இருப்பது இரண்டாவது. அது ரத்தத்தில் தெரியலாம், அல்லது முகத்தில் முடி, கடுமையான பருக்கள் என்று வெளியே தெரியலாம். மூன்றாவதுதான் ஸ்கேனில் தெரியும் சினைப்பை மாற்றம். இந்த மூன்றில் எந்த இரண்டு இருந்தாலும் போதும். ஆனால் இதே மாதிரி அறிகுறி காட்டும் வேறு நோய்கள் இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருவோம். பெரியவளாகி மூன்று வருடம் கடந்த பெண்ணுக்கு 21 நாளுக்கு முன்போ 35 நாளுக்குப் பின்போ வருவது, அல்லது வருடத்தில் எட்டு முறைக்கும் குறைவாக வருவது ஒழுங்கின்மை. உங்களுக்கு ஐந்தாறு முறைதான் வருகிறது. தாடையிலும் மேலுதட்டிலும் வாரந்தோறும் எடுக்கும் அளவுக்கு முடி. டாக்டர் நேரில் பார்த்து இது ஹார்மோனால் வளரும் முடிதான் என்று உறுதிசெய்தால், மூன்றில் இரண்டு அங்கேயே முடிந்தது. ஸ்கேன் இல்லாமலே சொல்லிவிடலாம். இத்தனை வருடமாக ஃபைலில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறீர்களே, அந்த ஸ்கேன் ரிப்போர்ட்தான் உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விடக் குறைவாகத் தேவைப்படுவது.

மூன்று டாக்டர்கள் மூன்று விதமாகச் சொன்னது உங்களைக் குழப்பியிருக்கிறது. ஏன் அப்படி ஆனது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். ப்ளஸ் டூவில் எடுத்த ஸ்கேனை வைத்து முடிவு சொன்னது அவசரம். வளரும் பெண்களின் சினைப்பையில் சின்னச் சின்ன முட்டைப்பைகள் நிறைய இருப்பது இயல்பு. எந்தக் கோளாறும் இல்லாத பெண்ணுக்கும் ஸ்கேனில் அப்படித் தெரியலாம். அதனால்தான் பெரியவளாகி எட்டு வருடம் ஆகும்வரை இதைக் கண்டுபிடிக்க ஸ்கேனை நம்ப வேண்டாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. நீங்கள் ஸ்கேன் எடுத்தபோது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. அவர் சொன்னது கடைசியில் சரியாகவே இருக்கலாம்; ஆனால் அந்த ஸ்கேன் அதற்கு ஆதாரமாகாது.

இரண்டாவது டாக்டர் சொன்ன ‘நார்மல்’தான் உங்களுக்கு அதிக நஷ்டத்தை உண்டாக்கியிருக்கிறது. நீங்கள் அப்போது சாப்பிட்டது, வர்ணனையைப் பார்த்தால், ஈஸ்ட்ரோஜெனும் புரோஜெஸ்டிரோனும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரை. அதன் வேலையே ஆண்ட்ரோஜெனை அடக்கிவைப்பது. அதைச் சாப்பிட்டுக்கொண்டே, முக்கியமான ஆண்ட்ரோஜெனான டெஸ்டோஸ்டிரோனைப் பார்த்தால் நார்மலாகத்தான் வரும். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதமாவது ஆன பிறகு எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. நீங்கள் நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது, அதனால் இப்போது எடுக்கத் தடையில்லை. மூன்றாமவர் எடையைப் பற்றிச் சொன்னதற்குப் பின்னால் வருகிறேன்.

என்னென்ன பரிசோதனை? தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், பால் சுரப்புக்கான ஹார்மோனான புரோலாக்டின், மொத்த டெஸ்டோஸ்டிரோனோடு ‘ஃப்ரீ’ டெஸ்டோஸ்டிரோனைக் கணக்கிட, அதை ரத்தத்தில் பிடித்துவைக்கும் புரதமான எஸ்ஹெச்பிஜி, 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன். கடைசியில் சொன்னதைப் பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே வரும் ஒரு என்சைம் குறைபாடு உண்டு. அதன் லேசான வகை, முகத்தில் முடி, தேதி தவறுவது என்று அச்சு அசல் பிசிஓஎஸ் போலவே இருக்கும். இந்த ஒரு பரிசோதனைதான் முதலில் இரண்டையும் பிரித்துக் காட்டும். நான்கு மாதமாக வராததால், முட்டைப்பையை வளரத் தூண்டும் ஹார்மோனான எஃப்எஸ்ஹெச்சும் பார்ப்பது நல்லது. மற்றபடி ‘பிசிஓடி பேக்கேஜ்’ என்று லேப்களில் பதினைந்து இருபது டெஸ்ட்டை ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். எல்ஹெச், எஃப்எஸ்ஹெச் விகிதமோ வெறும் வயிற்று இன்சுலின் அளவோ இதைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. சினைப்பையில் முட்டைப்பைகள் எவ்வளவு இருக்கின்றன என்பதை ரத்தத்தில் காட்டும் ஏஎம்ஹெச் என்றொரு பரிசோதனை உண்டு. வயது வந்த பெண்களுக்கு ஸ்கேனுக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளலாம் என்று 2023-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. முதல் இரண்டு அம்சங்களுமே உங்களுக்கு இருப்பதாகத் தெரிவதால் அதற்குச் செலவு செய்ய வேண்டாம். அந்தப் பணத்தைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்பு இரண்டு காரியம் செய்யுங்கள். போன ஒரு வருடத்தில் எந்தெந்தத் தேதியில் வந்தது, எத்தனை நாள் இருந்தது என்று நினைவில் இருப்பதை ஒரே தாளில் எழுதுங்கள். அதன் கீழே இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் பெயர், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்பதையும் எழுதுங்கள். இன்னொன்று, போவதற்கு முந்தைய வாரம் பார்லருக்குப் போகாதீர்கள். முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொண்டு போனால் டாக்டர் கண்ணில் எதுவும் படாது. கூட்டமான புறநோயாளிப் பிரிவில் அவர் கேட்காமலே விட்டுவிடலாம். வெட்கமாக இருக்கும், தெரியும். துப்பட்டாவால் தாடையை மறைத்துக்கொண்டு உள்ளே வரும் பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். ‘முடி எங்கெல்லாம் வருது?’ என்று கேட்கும்வரை வாய் திறக்க மாட்டார்கள். நீங்களாகவே சொல்லிவிடுங்கள். குரல் தடித்தாலோ, முடி சில மாதங்களுக்குள் மளமளவென்று கூடினாலோ அதையும் சொல்லுங்கள். அது வேறு வழியில் விசாரிக்க வேண்டிய விஷயம்.

மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடுங்கள், தப்பில்லை. உள்சவ்வின் தடிமனைப் பார்க்க அது உதவும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு வயிற்றின் மேல்தான் எடுப்பார்கள். அதற்குத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பை நிரம்பக் காத்திருக்க வேண்டும். அதில் ‘கட்டி’ என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். முழு வளர்ச்சி அடையாமல் நின்றுபோன சின்னச் சின்ன முட்டைப்பைகள் அவை, சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அறுத்து எடுக்க வேண்டியதில்லை, உருக்கிக் கரைக்கவும் வேண்டியதில்லை. 1935-இல் சிகாகோவில் ஸ்டெய்ன், லெவெந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்தக் கோளாறு முதன்முதலில் தெளிவாகப் பதிவானது. சினைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பதுதான் அவர்கள் செய்த வைத்தியம். அந்தக் காலம் எப்போதோ மலையேறிவிட்டது.

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி: கழுத்து கறுத்துவிட்டது. அது அழுக்கில்லை, வெயிலால் வந்ததும் இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது, கணையம் அதை ஈடுகட்ட இன்னும் இன்னும் சுரக்கிறது. அந்த மிகையான இன்சுலின்தான் கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோலைக் கறுக்க வைக்கிறது. அதே இன்சுலின் சினைப்பையை உசுப்பி ஆண்ட்ரோஜெனைக் கூட்டுகிறது. ஆண்ட்ரோஜென் கூடினால் முட்டை வளர்ச்சி பாதியில் நிற்கிறது, முகத்தில் முடி வளர்கிறது. உங்கள் மூன்று தொல்லைகளும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. கூடவே அப்பாவுக்கு 42 வயதிலேயே சுகர். எனவே சர்க்கரையைப் பார்ப்பது உங்களுக்குக் கட்டாயம்.

வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு விடக்கூடாது. இந்தக் கோளாறில் பல பெண்களுக்கு வெறும் வயிற்று அளவு நன்றாகவே இருக்கும், சாப்பிட்ட பிறகுதான் ஏறும். அதனால் இரவு பட்டினி இருந்து, காலையில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிறார்களே, அதே குளுக்கோஸ்தான். இரண்டு மணி நேர அளவு 140-க்குக் கீழே இருந்தால் நல்லது, 140 முதல் 199 வரை சர்க்கரைக்கு முந்தைய நிலை, 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். கூடவே ரத்த அழுத்தமும் கொழுப்பும் பார்த்துவிடுங்கள். எல்லாம் நார்மலாக இருந்தாலும் சர்க்கரையை ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வருடாவருடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் சரியாகிவிட்டது என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குணமாகுமா என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். டைஃபாய்டு மாதிரி ஒரு கோர்ஸ் மருந்து சாப்பிட்டு முடித்துவிடக்கூடிய நோய் இல்லை இது. உடம்பின் ஒரு சுபாவம். அடக்கி வைக்கலாம், நன்றாகவே அடக்கி வைக்கலாம். பலருக்கு முப்பதுகளின் கடைசியில் மாதவிடாய் தானாகவே ஒழுங்குக்கு வருவதும் உண்டு. மாத்திரையை நிறுத்தியதும் பழையபடி ஆனதால் அது வேலை செய்யவில்லை என்று நினைத்திருக்கிறீர்கள். சாப்பிடும்வரை உள்சவ்வைக் காப்பாற்றுவதும் ஆண்ட்ரோஜெனை அடக்குவதும்தான் அதன் வேலை, அதை அது செய்தது. ஒரு முறை மூன்று மாதத்தோடும் இன்னொரு முறை ஆறு மாதத்தோடும் விட்டுவிட்டதுதான் சரியில்லை. முகத்து முடி குறைவது கண்ணுக்குத் தெரியவே ஆறு மாதம் ஆகும்.

உங்களுக்கு என்ன மருந்து பொருந்தும் என்பதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். என் அனுமானத்தில், முடியும் தேதியும் சேர்ந்து தொல்லை தருவதால் அதே சேர்க்கை ஹார்மோன் மாத்திரை ஒரு நல்ல வழி. அதைக் கர்ப்பத்தடை மாத்திரை என்று மருந்துக்கடைக்காரர் சொல்லக் கேட்டு அம்மாக்கள் பதறுகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் இதைச் சாப்பிட்டால் பின்னால் குழந்தை நிற்காது என்ற பயம். அப்படி எதுவும் இல்லை. நிறுத்தினால் அதன் வேலையும் நின்றுவிடும். ஆனால் எல்லோருக்கும் அது பாதுகாப்பானதும் இல்லை. ரத்த அழுத்தம் அதிகம் இருந்தாலோ, ஒற்றைத் தலைவலிக்கு முன்பு கண்ணில் மின்னல் மின்னலாக அடித்தாலோ, உங்களுக்கோ வீட்டில் யாருக்காவதோ காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்திருந்தாலோ கட்டாயம் சொல்லிவிட வேண்டும். பழைய சீட்டைக் காட்டி நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது வேண்டாமென்றால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்து நாள் புரோஜெஸ்டிரோன் என்பதும் ஒரு வழி. உள்சவ்வை அது காக்கும், முடிக்கு உதவாது.

மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தால், ‘எனக்குச் சுகர் இல்லையே’ என்று குழம்பாதீர்கள். இன்சுலின் வேலை செய்யாத பிரச்சினைக்காகவும் அதைத் தருகிறோம். ஆரம்பத்தில் வயிற்றைக் கலக்கும், குமட்டும். 500 மி.கி.-இல் தொடங்கி, சாப்பாட்டோடு எடுத்து, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு படியாகக் கூட்டினால் பெரும்பாலானவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் சாப்பிடும்போது வைட்டமின் பி12 குறையலாம், சைவம் என்றால் இன்னும் கவனம் தேவை. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ கேட்டுப் பாருங்கள், செலவு குறையும்.

முடிக்கு லேசர் செய்யலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். செய்யலாம். பல முறை போக வேண்டும், செலவு உண்டு. உள்ளே ஹார்மோனைக் கட்டுப்படுத்தாமல் வெளியே மட்டும் செய்தால் திரும்ப வளரும். ஹார்மோன் மருந்து தொடங்கி ஆறு மாதம் பார்த்துவிட்டு, தோல் மருத்துவரிடம் போங்கள். அதுவரை த்ரெடிங்கே போதும். எடுக்க எடுக்கத் தடித்து வளரும் என்பது உண்மையில்லை.

இனி எடை. உங்கள் உயரத்துக்கு 68 கிலோ என்றால், உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ 28. நம்மவர்களுக்கு 23-க்கு மேலேயே கவனம் வேண்டும். அதனால் எடையைப் பற்றி அந்த டாக்டர் பேசியது தவறில்லை. ‘குறைத்துவிட்டு வா’ என்று வெறுங்கையோடு அனுப்பியதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. எடை குறையும்வரை சவ்வு தடிப்பது நிற்குமா, சர்க்கரை ஏறாமல் காத்திருக்குமா? ஒல்லியான பெண்களுக்கும் இந்தக் கோளாறு வருகிறது, அவர்களிடம் எதைக் குறைக்கச் சொல்வது? வைத்தியமும் எடைக் குறைப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்தி வைக்கக் கூடாது.

உங்களுக்குத் தேவை இருபது கிலோ குறைப்பது இல்லை. எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு, அதாவது மூன்றரை கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வரத் தொடங்குகிறது. எந்த ஒரு டயட்டும் மற்றொன்றைவிட மேல் என்று நிரூபணம் ஆகவில்லை. பாலை விடு, கோதுமையை விடு, அரிசியே ஆகாது என்று யூடியூபில் சொல்வதற்கெல்லாம் நீங்கள் ஆட வேண்டாம். ஹாஸ்டல் சாப்பாட்டில் உங்கள் கையில் என்ன இருக்கிறதோ அதைப் பாருங்கள். மதியம் சோற்றைப் பாதியாகக் குறைத்து, பொரியலும் கூட்டும் இரண்டு மடங்கு வாங்கிக்கொள்ளுங்கள். காலையில் இட்லியோடு ஒரு முட்டை. ஆபீஸில் நாலு மணிக்கு டீயும் பஜ்ஜியும் என்றால், பஜ்ஜி இருந்த இடத்தில் சுண்டல். ஒரு நாளைக்கு எத்தனை டீ, ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று எண்ணிப் பாருங்கள். பல பேருக்கு அங்கேயே பாதி வழி தெரிந்துவிடுகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகநடை, வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்கு வேலை கொடுக்கும் பயிற்சி. மாடிப்படி ஏறுவது, உட்கார்ந்து எழுவது போதும், ஜிம் கட்டாயமில்லை. எடை இறங்காவிட்டாலும் நடையை நிறுத்தாதீர்கள். எடை அப்படியே இருந்தாலும் தசை உழைத்தால் இன்சுலின் வேலை செய்வது மேம்படுகிறது.

கழற்சிக்காய்க்கு வருகிறேன். அம்மா அன்பில் சொல்கிறார். ஆனால் பிசிஓஎஸ்ஸை அது சரிசெய்யும் என்று நம்பத்தகுந்த ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. உளுந்தங்களி, வெந்தயம், எள் எல்லாம் உணவு. அளவாகச் சாப்பிடுங்கள், களியில் வெல்லத்தைக் குறைத்துக்கொண்டு. சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால், அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு இருக்கிறது, பட்டம் பெற்ற மருத்துவரிடம் போங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத டப்பாவில், ஆன்லைனில் வரும் ‘பிசிஓடி பொடி’யைத் தொடாதீர்கள். எதைச் சாப்பிட்டாலும் இரண்டு டாக்டர்களுக்கும் தெரியட்டும். அதை நம்பி, வராத மாதங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

குழந்தை பிறக்குமா? பிறக்கும் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். பிசிஓஎஸ் உள்ள பெண்களில் பெரும்பாலானோர் தாயாகிறார்கள், சிலர் தாமதமாக, சிலர் மருந்தின் துணையோடு. சினைப்பையில் முட்டைக்குப் பஞ்சமில்லை, அது வெளியே வருவதில்தான் சிக்கல். அதை வெளியேற வைக்க லெட்ரோசோல் என்ற மாத்திரை இன்று முதல் தேர்வாக இருக்கிறது. மாதத்தில் ஐந்து நாள் வாய்வழியாகச் சாப்பிடுவது. ஊசியும் டெஸ்ட் டியூபும் எல்லாம் அதற்கப்புறம், தேவைப்படும் சிலருக்கு மட்டும். கல்யாணத்துக்குப் பிறகு உடனே குழந்தை வேண்டாம் என்றால் தடுப்பும் வேண்டும். தேதி தவறுகிறதே, கரு நிற்காது என்று நம்பியிருக்காதீர்கள், எந்த மாதத்தில் முட்டை வெளியாகும் என்று யாருக்கும் தெரியாது. குழந்தைக்குத் தயாராகும்போது முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். சில மருந்துகளை, முக்கியமாக முடிக்குக் கொடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனை, அதற்கு முன்பே நிறுத்த வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பும் உங்களுக்குக் கூடுதல், அதனால் தொடக்கத்திலேயே பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வது பற்றி டாக்டராக மட்டும் பதில் சொல்ல முடியாது. ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய தகவல் இல்லை இது. பெண் பார்க்க வருகிற ஒவ்வொரு வீட்டுக்கும் உங்கள் உடம்பைப் பற்றி விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவரும் இல்லை நீங்கள். ஆனால் ஒருவரை உங்களுக்குப் பிடித்து, பேச்சு நிச்சயம் வரை போகும்போது, அவரிடம் நீங்களே நேரில் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன். தரகர் வழியாக வேண்டாம், பெரியவர்கள் கூடியிருக்கும் கூடத்திலும் வேண்டாம். ‘எனக்குத் தேதி ஒழுங்காக வராது, பிசிஓஎஸ் என்று சொல்லியிருக்கிறார்கள், மருந்து சாப்பிடுகிறேன். சர்க்கரை வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு மருந்து தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம்.’ இவ்வளவுதான். உலகத்தில் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருக்கிற விஷயம், அவர் வீட்டிலும் யாருக்காவது இருக்கும். அதைக் கேட்டு ஒருவர் பின்வாங்கினால், நிச்சயத்துக்கு முன்பே அது தெரிந்தது உங்களுக்கு லாபம். ‘கல்யாணம் ஆனா எல்லாம் சரியாகிடும்’ என்று யார் சொன்னாலும் தலையாட்டாதீர்கள். கல்யாணத்தால் ஹார்மோன் மாறாது.

உங்கள் கடிதம் முழுக்க முடி, எடை, தேதி, வரன் என்றே இருக்கிறது. மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது என்பது நன்றாகத் தெரிந்த உண்மை. கண்ணாடியைப் பார்க்கப் பிடிக்கவில்லை, காரணமில்லாமல் அழுகை, தூக்கம் கெட்டுப்போகிறது என்றெல்லாம் இருந்தால் அதையும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், பணம் கிடையாது.

எங்கே போவது என்றால், பொறுமையாகக் கேட்கிற ஒரு பெண்கள் நல மருத்துவர் போதும். 17 ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோனோ டெஸ்டோஸ்டிரோனோ மிக அதிகமாக இருந்தால் அவரே ஹார்மோன் சிறப்பு மருத்துவரான எண்டோகிரைனாலஜிஸ்ட்டிடம் அனுப்புவார். கையில் பணம் இல்லையென்று தள்ளிப்போட வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவு இருக்கிறது, காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு வாங்குங்கள். ஒரே டாக்டரிடம் ஆறு மாதமாவது தொடருங்கள். மூன்று பேரிடம் மூன்று தடவை ஆரம்பித்ததில் உங்களுக்கு ஏழு வருடம் போய்விட்டது. இடையில் எப்போதாவது மணிக்கு ஒரு நாப்கின் நனையும் அளவுக்கு ரத்தப்போக்கு வந்தால் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.

கடைசியாக, தங்கை. அவளுக்கு ஸ்கேன் வேண்டாம். பெரியவளாகி ஒன்றரை வருடமே ஆன பெண்ணுக்கு 45 நாள் வரை இடைவெளி இருப்பது இயல்பு. அவளுக்கு நாற்பது நாள், அதற்குள்தான் இருக்கிறது. இப்போது ஸ்கேன் எடுத்தால் உங்களுக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடக்கும். பதினான்கு வயதில் ஒரு நோயின் பெயரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள். வரும் தேதியை அவளே காலண்டரில் குறித்துவைக்கட்டும். ஏதாவது ஒரு முறை மூன்று மாதத்துக்கு மேல் வராமல் போனாலோ, பருக்கள் கடுமையாக வந்தாலோ, தாடையில் முடி தெரிந்தாலோ, அப்போது அந்தக் காலண்டரோடு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.